விரிகிற பேரண்டத்துக்கு நடு எங்கே?

மார்கழிப்பனி

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேரண்டம் விரிகிறது, தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்கள் எல்லாம் நம்மைவிட்டு விலகிப் போகின்றன என்று எங்கோ படித்திருக்கிறாள். "எல்லாமே நம்மள விட்டு விலகுதுன்னா நாமதானே நடுவுல இருக்கோம்?" என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள். இல்லை, பேரண்டத்துக்கு நடுவே கிடையாது என்றேன். ஏன் என்றாள். அங்கே மாட்டிக்கொண்டேன்.

பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த பலூன் ஒன்றில் பேனாவால் புள்ளி வைத்து ஊதிக் காட்டினேன். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைப் பார்த்தாள். அப்புறம் பலூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடு உள்ளே இருக்கே அம்மா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பலூன் இல்லாமல் இதை விளக்க வழி உண்டா? இன்னொன்றும் கேட்கிறேன். நடு இல்லை என்பதை அளந்து பார்த்துச் சொல்கிறார்களா, இல்லை அப்படி வைத்துக்கொள்கிறார்களா?

நெய்தல்

மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பலூனை ஊதும் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். யாரும் கேட்காத வருடம்தான் பாடம் போய்ச் சேரவில்லையோ என்று கவலைப்படுவேன்.

பலூன் உவமையில் ரப்பர் தோல் மட்டும்தான் பேரண்டம். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் அறையும் கணக்கில் சேராது. தோலின் மேல் ஊர்கிற எறும்பு எவ்வளவு தூரம் நடந்தாலும் "நடு" என்று ஓர் இடத்தில் போய் நிற்க முடியாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனால் கண் மட்டும் பலூனுக்குள்ளேயே இருக்கும். அதனால் நான் பலூனை விட்டுவிட்டேன்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் முப்பது நாற்பது புள்ளிகளை ஒழுங்கில்லாமல் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஓஎச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி போல மறுபக்கம் தெரியும் பிளாஸ்டிக் தாளில், இரண்டு நகல் எடுங்கள். ஒன்று அதே அளவு, இன்னொன்று 105 சதவீதம். முதல் ஷீட் நேற்றைய பேரண்டம், இரண்டாவது இன்றைய பேரண்டம்.

இப்போது ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டிலும் உள்ள 12-ஆம் புள்ளி சரியாகப் பொருந்தும்படி நகர்த்துங்கள். ஷீட் சாய்ந்துவிடாமல் ஓரங்கள் இணையாக இருக்கட்டும். 12-ஐச் சுற்றி எல்லாப் புள்ளிகளும் வெளிப்பக்கமாகத் தெறித்துப் போவது போலத் தெரியும். 12-இலிருந்து 4 செ.மீ. தள்ளி இருந்த புள்ளி 2 மி.மீ. நகர்ந்திருக்கும். 10 செ.மீ. தள்ளி இருந்தது 5 மி.மீ. நகர்ந்திருக்கும். தூரம் இரண்டரை மடங்கு என்றால் நகர்வும் இரண்டரை மடங்கு. அடுத்து மேல் ஷீட்டை லேசாக நகர்த்தி 27-ஐப் பொருத்துங்கள். இப்போது எல்லாமே 27-ஐ விட்டு ஓடும். எந்த எண்ணைப் பொருத்தினாலும் அதுதான் நடு மாதிரி தெரியும். கூடவே ஒரு ஸ்கேலும் கொடுத்து அவளையே அளக்கச் சொல்லுங்கள்.

1929-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் பார்த்ததும் இந்த 4 செ.மீ. 2 மி.மீ. கணக்குதான். தொலைவு தெரிந்த 24 விண்மீன் மண்டலங்களை வைத்து, எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகுகிறது என்று காட்டினார். பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1927-இல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதே விதியை வருவித்திருந்தார். அவர் பெயரையும் மகளிடம் சொல்லுங்கள். அது சொல்லாமலே விட்டுப்போகிற பெயர்.

கரிசல்மண்

எல்லாமே விலகுகிறது என்றால் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடா மட்டும் நம்மை நோக்கி வருகிறதே, அது எப்படி?

நெய்தல்

சரியாகப் பிடித்தீர்கள். வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் அளந்தபோது அது வினாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பங்கு, நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் நடுவைச் சூரியன் சுற்றி ஓடும் வேகம். அதைக் கழித்தால் 110 கி.மீ. அளவுக்கு நிற்கும். அது இருக்கும் 25 லட்சம் ஒளியாண்டு தூரம் அண்டக் கணக்கில் அடுத்த தெரு மாதிரி. அந்தத் தூரத்தில் ஈர்ப்பு விரிவை வென்றுவிடும். நம் உடம்பு, பூமி, சூரியக் குடும்பம், பால்வெளி எதுவும் விரிவதில்லை. ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் கூட்டங்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிதான் விரிகிறது.

திசைகாட்டி

நெய்தல் சார், ஜெராக்ஸ் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. நான் இயந்திரப் பொறியாளர். ஜெராக்ஸ் எந்திரம் பெரிதாக்கும்போது தாளின் ஒரு மூலையையோ நடுவையோ அசையாமல் வைத்துக்கொண்டுதான் மற்றதை நீட்டுகிறது. அந்த அசையாப் புள்ளிதானே உண்மையான மையம்? உங்கள் ஷீட்டில் அது மறைந்துவிட்டது என்பதால் இல்லையென்று ஆகிவிடுமா?

இன்னொன்று. ஒரு வெடிகுண்டு வெடிக்கிறது. துண்டுகள் பல வேகத்தில் சிதறுகின்றன. ஒரு வினாடி கழித்துப் பார்த்தால் வேகமாகப் போனது தூரத்தில் இருக்கும், மெதுவாகப் போனது பக்கத்தில் இருக்கும். அதாவது இங்கேயும் தூரத்துக்கு ஏற்ற வேகம்தான். ஹபிள் கண்ட விதி அப்படியே வருகிறது. ஆனால் குண்டு வெடித்த இடம் என்று ஒன்று இருக்கிறதே!

நெய்தல்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எந்திரத்துக்கு அசையாப் புள்ளி உண்டு என்பது உண்மை. ஆனால் ஷீட்டை வெளியே எடுத்து, புள்ளிகளை மட்டும் என்னிடம் கொடுத்து, எந்த மூலை அசையாமல் இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. எந்திரம் இருந்ததற்கான தடயம் புள்ளிகளில் எங்கும் இல்லை. பேரண்டத்துக்கு வெளியே எந்திரம் என்று ஒன்றை வைக்க ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் தேவையும் இல்லை. அங்கே நீள்வது வெளி, அதாவது இடமேதான்.

நேர்விகிதம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டிவிடுகிறேன். ஒரே கோட்டில் மூன்று விண்மீன் மண்டலங்கள், 10, 20, 30 மெகாபார்செக் தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு. மெகாபார்செக்குக்கு வினாடிக்கு 70 கி.மீ. என்றால் அவற்றின் வேகம் 700, 1400, 2100. நடுவில் உள்ளதில் போய் உட்காருங்கள். முதலாவது உங்களைவிட்டு 700-இல் பின்னால் போகிறது, மூன்றாவது 700-இல் முன்னால் போகிறது. நம் பால்வெளி 1400-இல் பின்னால் போகிறது. அங்கிருந்தும் அதே விதி, அதே எண்.

இப்போது வேகம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று வைத்துப் பாருங்கள். வேகங்கள் 1, 4, 9 என்ற கணக்கில் வரும். நடுவில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 5. சமமில்லை. அங்கே இருப்பவருக்கு "நான் நடுவில் இல்லை" என்று உடனே தெரிந்துவிடும். நேர்விகிதம் ஒன்றுதான் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் கரும்பலகையில் எழுதினால் அதே சந்தோஷம் வருகிறது.

குண்டு பற்றிய கேள்வி கனமானது. அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மார்கழிப்பனி

செய்து பார்த்துவிட்டோம்! "ஓஎச்பி ஷீட்டா? இப்ப யாரு கேக்குறா" என்று கடைக்காரர் மேசைக்கு அடியில் தேடி, ஓரம் மஞ்சளாகிப் போன ஒரு கட்டை எடுத்தார். இரண்டு ஷீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றன. மகள் நடுவில் கொஞ்சம் முகப் பவுடர் தூவினாள், அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் அட்டவணை போட்டாள். 6 செ.மீ.க்கு 3 மி.மீ., 8 செ.மீ.க்கு 4 மி.மீ. சார் சொன்னபடியே வந்தது.

பிறகு மூலையில் கிடந்த 31-ஆம் புள்ளியைப் பொருத்தினாள். எல்லாமே 31-ஐ விட்டு ஓடின. ஆனால் அவள் திருப்தியாகவில்லை. "31-க்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. அப்ப தான் ஓரத்துல இருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சிடும்ல? ஓரம் இருந்தா நடுவும் இருக்கும்ல?" என்கிறாள்.

அந்திவானம்

அக்கா, நான் அண்டவியலில் ஆய்வு மாணவி. உங்கள் மகளின் கேள்வியும் திசைகாட்டி அண்ணாவின் குண்டுக் கேள்வியும் ஒன்றேதான். அவள் சொன்னதுதான் சோதனை.

முதலில் அண்ணா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஹபிள் விதியை மட்டும் வைத்துக்கொண்டு குண்டைத் தள்ளிவிட முடியாது. குண்டுத் துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் பார்த்தால் மற்ற துண்டுகள் நேர்விகிதத்தில் விலகுவதாகவே தெரியும். குண்டை அடையாளம் காட்டுவது ஓரம்தான். ஓரத்துக்குப் பக்கத்தில் உள்ள துண்டு ஒரு பக்கம் கூட்டத்தையும் மறுபக்கம் வெறுமையையும் பார்க்கும். எனவே கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்க வேண்டும். நாம் பார்க்கும் வானத்தில் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் காலியாகவும் இருக்கிறதா?

இந்த வழியில் ஒருமுறை நடுவைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் பால்வெளியின் நடுவில் சூரியன் இருக்கிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். எல்லாத் திசையிலும் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய சமமாக வந்தது. வானியலாளர் ஹார்லோ ஷேப்லி கோளக் கொத்துகள் என்ற நட்சத்திரக் கூட்டங்களைப் பார்த்தார். அவை தனுசு ராசிப் பக்கமே குவிந்து கிடந்தன. 1918-இல் அதை வைத்துச் சூரியன் நடுவில் இல்லை, நடு தனுசுப் பக்கம் வெகுதூரத்தில் இருக்கிறது என்றார். இன்றைய கணக்கில் அது சுமார் 26,000 ஒளியாண்டு. ஆக, நடு இருந்தால் வானம் ஒரு பக்கமாகச் சாயும். நாம் அந்தச் சாய்வைத் தேடினால் போதும்.

பேரண்டத்தில் அதைத் தேட மிகப் பழைய ஒளி ஒன்று கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஆன்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத இரைச்சலைக் கண்டார்கள். பேரண்டம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது கிளம்பி, இன்று ரேடியோ அலை மாதிரி நீண்டு வந்து சேரும் ஒளி அது. பின்புல ஒளி என்பார்கள். கிளம்பும்போது சுமார் 3000 கெல்வின் வெப்பம், இன்று 2.725 கெல்வின். கோபி, டபிள்யூமேப், பிளாங்க் என்று மூன்று விண்கலங்கள் அதை வானம் முழுக்க அளந்தன. நம் ஓட்டத்தால் வரும் வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், எல்லாத் திசையிலும் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் ஏற்ற இறக்கம். ஒரு பக்கம் ஓரம், மறுபக்கம் நடு என்ற சாய்வு அதில் இல்லை.

திசைகாட்டி

நன்றி தங்கச்சி. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, "நம் ஓட்டத்தைக் கழித்துவிட்டால்" என்றாய். அப்படியானால் ஓட்டமே இல்லாத இடம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே நடு? இரண்டு, நட்சத்திரங்களை எண்ணி நடுவில் இருக்கிறோம் என்று ஒருமுறை ஏமாந்தோம். எல்லாப் பக்கமும் சமமாகத் தெரிகிறது என்பதற்கு நேரான அர்த்தம் நாம் நடுவில் இருக்கிறோம் என்பதுதான். குண்டு வெடித்த இடத்திலேயே நாம் இருந்தால்?

அந்திவானம்

இரண்டுமே நல்ல அடி அண்ணா.

ஓட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பின்புல ஒளி சிம்ம ராசிப் பக்கம் சுமார் 3.4 மில்லிகெல்வின் சூடாகவும் எதிர்ப் பக்கம் அதே அளவு குளிராகவும் தெரிகிறது. சூரியன் வினாடிக்கு 370 கி.மீ. வேகத்தில் அந்தப் பக்கம் போகிறது என்று பொருள். ஆனால் இங்கேயே, இதே இடத்தில், அந்த ஓட்டம் இல்லாமல் ஒருவர் மிதந்தால் அவருக்கு வானம் சமமாகத் தெரியும். ஆயிரம் கோடி ஒளியாண்டு தள்ளி உள்ள இடத்திலும் அப்படி ஒருவர் மிதக்கலாம். அது ஒரு வேகத்தைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. ஓஎச்பி ஷீட்டில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் அசையாமல்தான் இருக்கிறது. நாம் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் ஊர்கிற எறும்பு.

இரண்டாவது கேள்வியை அண்டவியலாளர்கள் ரொம்பவே மதித்துச் சோதித்திருக்கிறார்கள். 1998-இல் விரிவு வேகமெடுக்கிறது என்று தெரிந்தபோது, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இருள் ஆற்றல் தேவையில்லை, நாம் விண்மீன் மண்டலங்கள் குறைவாக உள்ள ஒரு பிரம்மாண்டமான வெற்றிடத்தின் நடுவுக்கு மிக அருகில் இருந்தால் போதும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். அது உண்மையானால் இங்கே வானம் சமமாகத் தெரியும், ஆனால் நடுவைவிட்டுத் தள்ளி இருப்பவர்களுக்குச் சாய்ந்து தெரியும். நாம் அங்கே போக முடியாது. ஆனால் அங்கே நமக்காகப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. விண்மீன் மண்டலக் கொத்துகளில் சூடான வாயு நிறைந்திருக்கிறது. அது பின்புல ஒளியைச் சிதறடித்து நம் பக்கமும் அனுப்புகிறது. அந்தக் கொத்துக்கு வானம் ஒரு பக்கம் சூடாகத் தெரிந்தால், அது அனுப்பும் ஒளியில் அந்தச் சுவடு இருக்கும். பிளாங்க் தரவில் நூற்றுக்கணக்கான கொத்துகளை வைத்துத் தேடியபோது, பெரிய வெற்றிடம் இருந்தால் வர வேண்டிய அளவுக்குச் சுவடு வரவில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கும் வானம் நமக்குத் தெரிவது போலவே தெரிகிறது.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும், பெத்திஜான், லெது என்ற பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2000-இல் ஒரு குவேசாரின், அதாவது வெகுதொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல நடுவின், ஒளி கடந்துவந்த வாயு மேகத்தை ஆராய்ந்தார்கள். சுமார் 1100 கோடி ஆண்டு பழைய மேகம். அதில் உள்ள அணுக்கள் எவ்வளவு கிளர்ச்சி அடைந்திருக்கின்றன என்பதிலிருந்து அங்கே அன்று பின்புல வெப்பம் 6 கெல்வினுக்கும் 14 கெல்வினுக்கும் இடையில் என்று கண்டார்கள். கோட்பாடு சொன்னது 9.1. வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்த மாதிரி. அங்கேயும் பேரண்டம் அதே கணக்கில்தான் குளிர்ந்துகொண்டிருந்தது.

முரண்படுகிற அளவீடும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் 13.6 லட்சம் குவேசார்களை எண்ணிப் பார்த்த ஒரு குழு, நம் ஓட்டத்தால் வர வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாய்வு வருகிறது என்றது. அதன் காரணம் பற்றிய விவாதம் நடக்கிறது. ஆனால் அது ஒரு திசையைக் காட்டுகிறதே தவிர, நடு என்று ஓர் இடத்தைக் காட்டவில்லை.

திசைகாட்டி

அந்த வாயுக் கொத்துகள் விஷயம் நான் கேள்விப்படாதது. நமக்குப் பதிலாக அங்கே ஒன்று நின்று பார்க்கிறது என்றால், என் சந்தேகத்துக்கு அதுதான் நேரான பதில். ஏற்கிறேன். ஆனால் நாம் பார்க்க முடிகிற தூரத்துக்கு அப்பால்?

அந்திவானம்

பார்க்க முடிகிற எல்லை இன்றைய தொலைவில் எல்லாப் பக்கமும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு. அந்தக் கோளத்துக்கு நடு உண்டு, அது நாம்தான். கடலில் நிற்கும் படகுக்குத் தொடுவானம் வட்டமாகத் தெரிகிற மாதிரி. அடுத்த படகுக்கு அதன் வட்டம். தொடுவானத்துக்கு அப்பால் கரை இருக்கிறதா என்று இந்தப் படகிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பார்த்த வரைக்கும் கரைக்கான அறிகுறி இல்லை. வெளியின் வளைவும் அளந்த துல்லியத்துக்குத் தட்டையாகவே வருகிறது. வளைந்து தன்மேலேயே மூடிக்கொண்ட பேரண்டமாக இருந்தாலும் பலூன் தோல் போல ஓரமும் இருக்காது, நடுவும் இருக்காது.

மார்கழிப்பனி

எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொத்துகள் சிதறடிக்கும் ஒளியை இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். 31-க்கு அந்தப் பக்கம் இன்னொரு ஷீட்டை வைத்து ஒட்டிவிட்டாள். அதில் புதுப் புள்ளிகளும் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறாள். வெடித்த இடம் என்று ஒன்று இல்லையென்றால் பெருவெடிப்பு எங்கே நடந்தது?

நெய்தல்

உங்கள் வீட்டுக் கூடத்தில். என் வீட்டுத் திண்ணையில். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடங்களும், நாம் பார்க்கும் ஒவ்வொரு விண்மீன் மண்டலமும் இருக்கிற இடமும் நெருங்கி, சூடாக, அடர்ந்து கிடந்தன. ஷீட்டை 105-க்குப் பதில் 50 சதவீதம், 10 சதவீதம் என்று சுருக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். புள்ளிகள் நெருங்கும். எந்தப் புள்ளிக்கும் தனிச் சலுகை கிடைக்காது.

வீட்டில் பழைய டப்பா டிவி இருக்கிறதா? ஆன்டெனா வைத்து, சேனல் எதுவும் வராத இடத்தில் திருப்பினால் ஈ மொய்க்கிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வருமே, அதில் ஒரு சிறு பங்கு அந்தப் பழைய ஒளியிலிருந்து வருகிறது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இருக்கும்.

மார்கழிப்பனி

பரணில் ஒன்று கிடக்கிறது சார், மாமனார் காலத்து டிவி. ஆன்டெனா மொட்டைமாடியில் இன்னும் நிற்கிறது, ஒயர் மட்டும்தான் புதிதாக வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறோம்.